முறைவழியாக்கியின் வேகமும் நினைவகத்தின் அமைப்பும்

தொழில் வல்லான் ஒருவன் எத்துணை விரைந்து வினைபுரிய வல்லனாயினும், வினைக்குரிய பொருள் உரிய காலத்தில் அவன் கைக்கு எட்டாதாயின், அவன் வன்மை பயன்படுமாறு இல்லை. இவ்வுண்மை மனிதர்க்கு மட்டுமன்றி, மனிதர் ஆக்கிய பொறிகளுக்கும் ஒக்கும்.

கண்டியிலிருந்து தெல்தெனியாவைக் கடந்து மகியங்கனை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் உள்ளது ஹுன்னஸ்கிரிய. அதனைச் சூழ்ந்த மலைநாட்டிலே தேயிலைத் தொழிற்சாலையை அறியாத மாணவர் அரியர். மலையிலே பறிக்கப்பட்ட கொழுந்து நிறுக்கப்பட்டுத் தொழிற்சாலையை அடைகின்றது. மேல்மாடியிலே பரப்பி வாட்டப்படுகின்றது. வாடிய கொழுந்து கீழே இறக்கப்பட்டு உருட்டும் இயந்திரத்தில் இடப்படுகின்றது. உருட்டும் இயந்திரம் எவ்வளவு புதியதாயினும், மேல்மாடியிலிருந்து கொழுந்து இறங்கும் வழி ஒடுங்கியதாயின் அது வெறிதே சுழலும். மேல்மாடி சிறிதாயின், கொழுந்துக்காக மலைக்கே ஆளனுப்பிக் காத்திருக்க நேரும். இக்குறைகளை நீக்காது, முன்னையதினும் பெரியதோர் இயந்திரத்தை வாங்கி நிறுவும் மேற்பார்வையாளரை யாவரும் நகைப்பர்.

எனினும், கணினி வாங்குமிடத்து நம்மவர் பெரும்பாலும் செய்வது இதுவேயாம். பெட்டியின் மேல் ஒட்டப்பட்டுள்ள முறைவழியாக்கியின் பெயரையும் எண்ணையும் நோக்குவர். அதற்கு ஊணளிக்கும் நினைவகம் எத்தகையது, எத்தனை பலகைகளாக அமைந்தது, எத்துளைகளிற் பொருத்தப்பட்டது என்பவற்றை வினவுவதில்லை. நன்கொடையாலும் பெற்றோர் உழைப்பாலும் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துக் கணினி அறை அமைக்கும் மலையகப் பாடசாலைகளுக்கு இவ்வறியாமை பேரிழப்பாகும். ஆதலின், நினைவகத்தின் அமைப்பு முறைவழியாக்கியின் செயற்றிறனை எவ்வாறு கூட்டுகின்றது, எவ்வாறு குறைக்கின்றது என்பது ஈண்டு விளக்கப்படுகின்றது.

வேகத்தில் வேற்றுமை விளைந்தமை

கட்டளைகளையும் தரவுகளையும் ஒரே நினைவகத்தில் வைத்து, அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து இயற்றும் கணினி அமைப்பை 1945 ஆம் ஆண்டில் ஜோன் வொன் நியூமன் தமது அறிக்கையில் விவரித்தார். இன்றைய மேசைக் கணினியும் அடிப்படையில் அவ்வமைப்பையே தழுவியது. அவ்வமைப்பின் இயல்பான இடர் யாதெனின், முறைவழியாக்கிக்கும் நினைவகத்துக்கும் இடைப்பட்ட வழியே எல்லாம் செல்லவேண்டியிருத்தலாம். 1977 இல் தியூரிங் விருது பெற்ற ஜோன் பக்கஸ், தம் பேருரையில் இவ்வழியைக் குப்பியின் குறுகிய கழுத்துக்கு ஒப்பிட்டு, அதற்கு வொன் நியூமனின் பெயரையே சூட்டினார்.

நம் அயல்நாட்டிலும் கணினி ஆக்கத்தின் தொடக்க காலத்தில் நினைவகமே அருமைப் பொருளாய் இருந்தது. பம்பாயில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், சென்னையிற் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் ஆக்கப்பட்டு 1960 இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் என்னும் கணினி, காந்த வளையங்களாலாகிய நினைவகத்தை உடையது. அது 40 பிற்று நீளமுள்ள 2048 சொற்களையே கொண்டது. இன்றைய அளவையிற் கூறின் 10 கிலோபைற்று ஆகும். இன்று 16 கிகாபைற்று நினைவகம் பொருத்திய மேசைக் கணினி ஒன்று, அதனினும் பதினாறு இலட்சம் மடங்குக்கு மேற்பட்ட கொள்ளளவு உடையது.

கொள்ளளவு இங்ஙனம் பெருகியதாயினும், விரைவு அவ்வாறு பெருகவில்லை. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ரொபர்ட் டெனார்ட் 1966 இல் கண்டறிந்து 1968 இல் காப்புரிமை பெற்ற நினைவக முறையே இன்றும் 'ரேம்' என வழங்கும் பலகைகளில் உள்ளது. அதில் ஒவ்வொரு பிற்றும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னேற்றமாகச் சேமிக்கப்படுகின்றது. ஒரு திரான்சிஸ்டர் அதற்கு வாயிலாக நிற்கின்றது. மின்னேற்றம் கசிந்துவிடும் இயல்பினதாதலின், அதனை இடையிடையே புதுப்பித்தல் வேண்டும், டி.டி.ஆர். 4 வகையில் வழக்கமான வெப்பநிலையில் 64 மில்லி விநாடிக்கு ஒரு முறையேனும் இது நிகழும். எளிமையும் மலிவும் இம்முறையின் சிறப்புகள். மந்தம் இதன் குறை. முறைவழியாக்கியோ ஆண்டுதோறும் விரைவு பெற்று வந்தது. இவ்விடைவெளி வளர்ந்து, முடிவில் முறைவழியாக்கியின் வேகத்தைப் பயனற்றதாக்கும் என்பதை வில்லியம் வுல்ஃப், சாலி மக்கீ என்னும் இருவர் 1995 இல் எடுத்துக்காட்டி, அதனை 'நினைவகச் சுவர்' எனப் பெயரிட்டனர்.

இவ்விடைவெளியின் அளவை ஒரு கணக்கால் உணரலாம். 4 கிகாஹேர்ட்ஸ் வேகமுள்ள முறைவழியாக்கிக்கு ஒரு துடிப்பு என்பது 0.25 நானோ விநாடி. முதன்மை நினைவகத்திலிருந்து ஒரு தரவு வந்து சேர ஏறத்தாழ 80 நானோ விநாடி ஆகுமெனக் கொண்டால், அதற்குள் 320 துடிப்புகள் கழிந்துவிடும். ஒவ்வொரு துடிப்பிலும் பல கட்டளைகளை முடிக்கவல்ல பொறி, அத்தனை துடிப்புகளையும் காத்திருந்தே கழிக்க நேர்கின்றது.

பதுக்கு நினைவகம்

இவ்விடரைத் தணிக்கும் வழியைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் மொறிஸ் வில்க்ஸ் 1965 இல் எழுதிய கட்டுரையொன்றில் எடுத்துரைத்தார். பெரிதும் மந்தமுமான நினைவகத்துக்கும் முறைவழியாக்கிக்கும் இடையே சிறிதும் விரைவுமான நினைவகம் ஒன்றை வைத்து, அண்மையிற் பயன்பட்டவற்றை அதிற் பதுக்கிவைத்தலே அவ்வழி. 1968 இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 360 வரிசையின் 85 ஆம் மாதிரி அம்முறையை வாணிகத்திற்குக் கொணர்ந்தது.

தொழிற்சாலையில் உருட்டும் இயந்திரத்தின் அருகே கைக்கெட்டும் தூரத்திற் குவிக்கப்பட்ட கொழுந்தே பதுக்கு நினைவகம் எனலாம். இன்றைய முறைவழியாக்கியில் இது மூன்று படிகளாக உளது. முதற்படி ஏறத்தாழ 4 அல்லது 5 துடிப்புகளில் விடையளிக்கும். இரண்டாம் படிக்குப் பதினைந்து துடிப்பளவும், மூன்றாம் படிக்கு நாற்பது ஐம்பது துடிப்பளவும் செல்லும். தரவு வேண்டப்பட்டபோது ஒரு பைற்று மட்டும் வருவதன்று. மேசைக் கணினிகளிற் பொதுவாக 64 பைற்று கொண்ட ஒரு வரிசை முழுவதும் வரும். அடுத்து வேண்டப்படுவது பெரும்பாலும் அயலில் உள்ளதே என்னும் எதிர்பார்ப்பே இதற்குக் காரணம்.

நினைவகப் பலகையை மாற்றினும் சில வேலைகள் சிறிதும் விரைவுறாமைக்கும், வேறு சில பெரிதும் விரைவுறுதற்கும் காரணம் இதனால் விளங்கும். ஒரு கடிதத்தைத் தட்டெழுதுமிடத்தோ, சிறிய எண்களை மீண்டும் மீண்டும் கணக்கிடுமிடத்தோ, வேண்டிய தரவு பதுக்கு நினைவகத்திலேயே அடங்கிவிடுகின்றது. பெரிய கோப்புகளைச் சுருக்கும்போதும், பரந்த அட்டவணைகளை ஆராயும்போதும், விளையாட்டுகளில் விரிந்த உலகங்களைக் காட்டும்போதும் தரவு பதுக்கு நினைவகத்துக்கு அப்பாற் சென்றுவிடுகின்றது. அங்கேதான் நினைவக அமைப்பின் நன்மை தீமை வெளிப்படும். 2022 இல் ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிட்ட ரைசன் 7 5800 எக்ஸ் 3டி என்னும் முறைவழியாக்கி இதற்கு நல்ல சான்று. அதன் துடிப்பு வேகம் முன்னைய 5800 எக்ஸ் என்பதனினும் குறைவு; மூன்றாம் படிப் பதுக்கு நினைவகமோ 32 மெகாபைற்றிலிருந்து 96 மெகாபைற்றாக உயர்த்தப்பட்டது. துடிப்புக் குறைந்த அம்முறைவழியாக்கியே பல விளையாட்டுகளில் முன்னையதை வென்றது.

கொள்ளளவு

நினைவக அமைப்பில் முதலில் நோக்கத்தக்கது கொள்ளளவு. இயங்குகின்ற செய்நிரல்கள் அனைத்துக்கும் நினைவகம் போதாதாயின், இயக்க முறைமை சிலவற்றை வன்தட்டுக்கு அனுப்பி, வேண்டும்போது மீளப் பெறும். மேல்மாடி நிறைந்துவிட்டதால் கொழுந்துக்கு மலைக்கே செல்வதை இது ஒக்கும். சுழலும் வன்தட்டு ஒரு தரவைத் தேடி எடுக்க 10 மில்லி விநாடி கொண்டால், 4 கிகாஹேர்ட்ஸ் முறைவழியாக்கிக்கு அது நான்கு கோடித் துடிப்புகள். திண்மநிலைச் சேமிப்பகம் அதனினும் நூறு மடங்கு விரைவினதாயினும், முதன்மை நினைவகத்தோடு ஒப்பிடின் அதுவும் மிக மந்தமானதே.

விண்டோஸ் 11 இயங்கக் குறைந்தது 4 கிகாபைற்று வேண்டும் என்பது அதன் ஆக்குநர் விதித்த எல்லை. இஃது இயங்குதற்குரிய எல்லையேயன்றி இனிது பணிபுரிதற்குரிய எல்லை அன்று. இணைய உலாவியும் எழுத்துச் செயலியும் ஒருங்கே திறந்த அளவில், 4 கிகாபைற்றுக் கணினி வன்தட்டை நாடத் தொடங்கிவிடும். அந்நிலையில் முறைவழியாக்கியை மாற்றுதல் வீண். 8 கிகாபைற்று ஆக்குதலே மருந்து. எனினும், போதிய அளவு எய்தியபின் மேலும் கூட்டுவதால் வேகம் கூடாது. வெறுமையாய்க் கிடக்கும் மேல்மாடி, உருட்டுதலை விரைவுபடுத்துமாறு இல்லை.

தடங்களின் எண்ணிக்கை

இரண்டாவது நோக்கத்தக்கது, 'சனல்' என வழங்கும் தடங்களின் எண்ணிக்கை. பொதுவான மேசைக் கணினியின் முறைவழியாக்கி, நினைவகத்துக்கு இரண்டு தடங்களை உடையது. ஒவ்வொரு தடமும் 64 பிற்று, அஃதாவது 8 பைற்று அகலமுள்ளது. டி.டி.ஆர். 4-3200 எனப்படும் பலகை விநாடிக்கு 3200 மில்லியன் முறை தரவை மாற்றும். ஆகவே ஒரு தடத்தில் விநாடிக்கு 25.6 கிகாபைற்றும், இரு தடத்தில் 51.2 கிகாபைற்றும் செல்லக்கூடும். டி.டி.ஆர். 5 வகையில் ஒவ்வொரு பலகையும் 32 பிற்று அகலமுள்ள இரு சிறு தடங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஆயினும் மொத்த அகலம் மாறவில்லையாதலின், இரு பலகை இடுதலின் நன்மை அங்கும் குன்றாது.

16 கிகாபைற்றுப் பலகை ஒன்றையே இட்டவிடத்து ஒரு தடமே வேலை செய்யும்; மற்றது வெறுமையாய்க் கிடக்கும். 8 கிகாபைற்றுப் பலகை இரண்டை இட்டால், கொள்ளளவு அதுவே. வழியின் அகலமோ இருமடங்கு. மேல்மாடியிலிருந்து கொழுந்தை இறக்கும் வழிகள் இரண்டனுள் ஒன்றை அடைத்துவைத்தலும் திறந்துவைத்தலும் போன்றது இவ்வேற்றுமை.

இதன் பயனை மிகுதியாக உணர்வன, தனியான வரைவியல் அட்டை இல்லாத கணினிகள். அவற்றில் முறைவழியாக்கியினுள் அமைந்த வரைவியற் பகுதி தனக்கென நினைவகம் இன்றி, முதன்மை நினைவகத்தையே பகிர்ந்து கொள்கின்றது. ஒரே வழியில் இருவர் நெருங்க நேர்தலின், இரண்டாவது தடத்தைத் திறந்த அளவில் படம் காட்டும் விரைவு பெரிதும் உயர்கின்றது. பாடசாலைக் கணினிகளிற் பெரும்பாலானவை இவ்வகையினவே.

தாய்ப்பலகையில் நான்கு துளைகள் இருப்பின், இரு பலகைகளை அடுத்தடுத்துச் செருகுதல் பொதுவான பிழை. பெரும்பாலான தாய்ப்பலகைகளில் முறைவழியாக்கியிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதுமான துளைகளே உரியவை. தாய்ப்பலகைக்குரிய கையேடு இதனைத் தெளிவாகக் குறிக்கும். 8 கிகாபைற்றும் 4 கிகாபைற்றும் கலந்து இட்டவிடத்து, இன்டெல் முறைவழியாக்கிகள் முதல் 8 கிகாபைற்றை இரு தடத்திலும் எஞ்சிய 4 கிகாபைற்றை ஒரு தடத்திலும் இயக்கும். ஒத்த இரட்டைப் பலகை கிடையாதவிடத்து இதுவும் நன்றே.

துளை நான்கையும் நிரப்பினால் மேலும் நன்மை விளையும் எனக் கருதற்க. தடம் இரண்டே, ஒவ்வொரு தடத்திலும் பலகை பெருகும்போது மின்குறிகளின் தூய்மை குன்றுகின்றது. 2022 இல் வெளிவந்த ரைசன் 7000 வரிசைக்கு ஏ.எம்.டி. நிறுவனம் இரு பலகைக்கு 5200 எனவும் நான்கு பலகைக்கு 3600 எனவும் வேக எல்லை விதித்தமை இதற்குச் சான்றாகும்.

வேகமும் தாமதமும்

மூன்றாவது நோக்கத்தக்கவை, பலகையின் வேகமும் தாமதமும். இவ்விரண்டும் ஒன்றெனக் கருதுதல் தவறு. ஹுன்னஸ்கிரியவுக்கு அப்பால் மகியங்கனைக்கு இறங்கும் வழியிலுள்ள பதினெட்டு வளைவுப் பாதையை நினைக. பாதையை இருமடங்கு அகலமாக்கினால், ஒரு மணி நேரத்தில் இருமடங்கு வண்டிகள் செல்லலாம். முதல் வண்டி அடிவாரத்தைச் சேரும் நேரமோ அவ்வளவிற் குறையாது. வளைவும் தூரமும் முன்போலவே உள்ளன. அகலம் வேறு, தாமதம் வேறு.

நினைவகத்திலும் அவ்வாறே. தரவு கட்டங்கட்டமாக, நிரைகளிலும் நிரல்களிலும் அமைந்துள்ளது. நிரை திறந்தபின் உரிய நிரலிலிருந்து தரவு வெளிவர எத்தனை துடிப்பாகும் என்பதை 'சி.எல்.' என்னும் எண் குறிக்கும். அவ்வெண்ணை மட்டும் நோக்கி முடிவுசெய்தல் ஆகாது; அதனை 2000 ஆற் பெருக்கிப் பலகையின் வேக எண்ணால் வகுத்தால் நானோ விநாடி கிடைக்கும். டி.டி.ஆர். 4-3200 சி.எல். 16 என்பதற்கு 10 நானோ விநாடி. டி.டி.ஆர். 5-6000 சி.எல். 30 என்பதற்கும் 10 நானோ விநாடியே. டி.டி.ஆர். 5-4800 சி.எல். 40 என்பதற்கு ஏறத்தாழ 16.7 நானோ விநாடி. முதல் தலைமுறையைச் சேர்ந்த டி.டி.ஆர். 400 சி.எல். 2 என்னும் பலகைக்கும் 10 நானோ விநாடியே என அறியுமிடத்து, அகலம் பன்மடங்கு வளரத் தாமதம் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நின்றமை புலனாகும்.

ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் முறைவழியாக்கிகளில் இன்னொரு நுட்பமும் உளது. 2017 இல் வந்த முதல் வரிசையில், முறைவழியாக்கியின் உட்பகுதிகளை இணைக்கும் 'இன்ஃபினிட்டி ஃபாப்ரிக்' என்னும் இணைப்பு, நினைவகத்தின் துடிப்போடு கட்டுண்டு இயங்கியது. ஆகவே மந்தமான பலகை நினைவகத்தை மட்டுமன்றி, முறைவழியாக்கியின் உள் உரையாடலையும் மந்தப்படுத்தியது.

வாங்குவோர் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. 6000 என எழுதப்பட்ட பலகை, செருகிய அளவில் அவ்வேகத்தில் இயங்குவதன்று. பெரும்பாலும் 4800 போன்ற பொதுவேகத்திலேயே தொடங்கும். கணினியின் பயோஸ் அமைப்பிற் சென்று, இன்டெல் வகுத்த எக்ஸ்.எம்.பி. அல்லது ஏ.எம்.டி. வகுத்த எக்ஸ்போ என்னும் அமைவை இயக்கினால்தான் எழுதப்பட்ட வேகம் கிட்டும். ஆயின் இது விதித்த எல்லைக்கு மேற்பட்ட வேகமாதலின், மாற்றிய பின் மெம்டெஸ்ட்86 போன்ற சோதனையால் நினைவகம் பிழையின்றி இயங்குகின்றதா என ஆராய்தல் இன்றியமையாதது. பிழைபடும் நினைவகம் மாணவரின் கோப்புகளைச் சொல்லாமலே சிதைத்துவிடும். விரைவினும் பிழையின்மை முதன்மையுடையது.

எவ்வளவு நன்மை விளையும்?

இம்மாற்றங்களின் பயனை அளக்க எளிய கணக்கு ஒன்று போதும். ஒரு வேலை 100 விநாடி கொள்வதாகவும், அதில் 20 விநாடி நினைவகத்துக்காகக் காத்திருப்பதாகவும் கொள்க. காத்திருப்பைப் பாதியாக்கினால் வேலை 90 விநாடியில் முடியும். வேறொரு வேலையில் காத்திருப்பு 60 விநாடி எனின், அதனைப் பாதியாக்க வேலை 70 விநாடியில் முடியும். இவ்விரண்டாம் வேலைக்கே நினைவகத்தை விட்டு, இருமடங்கு விரைவான முறைவழியாக்கியை வாங்கினாலோ, கணிக்கும் நேரமாகிய 40 விநாடி 20 ஆகும். மொத்தம் 80 விநாடி. பெருஞ்செலவில் விளைந்த நன்மை, சிறு செலவில் விளைந்ததனினும் குறைந்தமை காண்க. முதல் வேலைக்கு இக்கணக்கு தலைகீழாகும். அங்கே முறைவழியாக்கியே குறை. ஆதலின், எங்கே காத்திருப்பு என அறியாது பணம் செலவிடுதல் கூடாது.

அதனை அறியுமிடத்து ஒரு மயக்கம் நேரும். விண்டோஸின் பணி மேலாளர் முறைவழியாக்கி 100 சதவீதம் இயங்குவதாகக் காட்டலாம். ஆயினும் அந்நேரத்தின் பெரும்பகுதி நினைவகத்தை நோக்கிக் காத்திருந்த நேரமாகவும் இருக்கலாம். அக்காத்திருப்பையும் அது வேலை எனவே கணக்கிடும். மாறாக, முறைவழியாக்கி சோம்பியிருக்க, நினைவகம் நிரம்பி, வன்தட்டு இடையறாது இயங்குமாயின், கொள்ளளவே குறை என்பது தெளிவு. தடம் ஒன்றா இரண்டா என்பதைச் சி.பி.யு-சட் என்னும் இலவசச் செய்நிரல் காட்டும். அது 1600 மெகாஹேர்ட்ஸ் எனக் காட்டின் அஞ்சற்க. ஒரு துடிப்புக்கு இருமுறை தரவு மாறுதலின், அதுவே 3200 ஆகும்.

செய்யத்தக்கன

மேற்கூறியவற்றால் ஒரு வரிசை பெறப்படும். முதலிற் கொள்ளளவைப் போதியதாக்குக. அடுத்து, ஒத்த பலகைகள் இரண்டை உரிய துளைகளில் இட்டு இரு தடங்களையும் திறக்க. பின்னர், பலகை தனக்குரிய வேகத்தில் இயங்குகின்றதா எனப் பார்க்க. தாமதத்தின் சிறு வேற்றுமைகளுக்கு இறுதியிலேயே பணம் செலவிடுக. இவற்றின் பின்னும் கணினி மந்தமாயின், அப்பொழுது முறைவழியாக்கியை மாற்றுவது பற்றி எண்ணலாம். பழைய கணினிக்குப் பலகை வாங்குமுன், அது டி.டி.ஆர். 3 வகையா 4 வகையா 5 வகையா என அறிதல் வேண்டும். ஒன்றன் துளையில் மற்றொன்று பொருந்தாது. வேகம் வேறுபட்ட இரு பலகைகள் கலந்தால், இரண்டும் மந்தமானதன் வேகத்திலேயே இயங்கும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

பாடசாலைகளின் களஞ்சிய அறைகளிலே 'பழுது' என ஒதுக்கப்படும் கணினிகளுள் சில, உண்மையிற் பழுதுற்றவை அல்ல, ஊணின்றி மெலிந்தவை. ஒரு பலகையை மேலும் இட்டும், தவறான துளையில் உள்ளதை மாற்றியும் அவற்றுட் சிலவற்றை மீட்கலாம். புதிய கணினி ஒன்றின் விலையிற் சிறு பகுதியால் மூன்று நான்கு கணினிகள் உயிர்பெறுமாயின், ஒரு கணினியின் முன் நால்வர் நெருங்கியிருக்கும் வகுப்பிலே இருவர் இருத்தற்கு இடமுண்டாகும். அங்ஙனம் இடம் பெறும் பிள்ளை, தோட்டத்து வீட்டிலே கணினியைக் கண்டறியாத பிள்ளையாகவும் இருக்கக்கூடும்.

வல்லமை என்பது தனித்து நிற்பதன்று. அதற்கு உறுதுணையாவது உரிய காலத்தில் உரிய அளவில் வந்து சேர்தலாலேயே அது பயன் தருகின்றது. கணினியின் உள்ளே நிகழும் இச்சிறு நாடகம் கல்விக்கூடங்களுக்கும் ஒரு பாடமாகும். மாணவரின் அறிவு குறையுடையது எனத் தீர்ப்பளிக்குமுன், அவ்வறிவுக்கு வேண்டிய நூலும் கருவியும் நேரமும் அவர் கைக்கு எட்டும் வழி திறந்திருந்ததா என ஆராய்தல் ஆசிரியரின் கடனன்றோ!